சக்கரம் ஓடுகிறது, உரிமம் ஓடவில்லை

(“உணவு லோரிகளால் உணவகங்களுக்குப் பாதிப்பா?” என்னும் தலைப்பில் நடந்த தொலைக்காட்சிக் கலந்துரையாடல் அரங்கில் ஆற்றிய உரை)



வழக்கமாக எதிர்ப்பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு மற்றவர்களைக் கேள்வி கேட்பதுதான் என் வேலை. இந்த முறை தயாரிப்பாளர், “உங்கள் குடும்பத்திலேயே இந்தச் சண்டை நடக்கிறதே, நீங்களே பேசுங்கள்” என்று என்னை இந்தப் பக்கம் தள்ளிவிட்டார். அவர் சொன்னது உண்மைதான். அந்தச் சண்டையிலிருந்தே தொடங்குகிறேன்.

என் தாய்மாமா கிள்ளானில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். இருபத்திரண்டு வருடக் கடை. என் சித்தி மகன் ஒரு ஹோட்டலில் சமையல்காரனாக இருந்தவன். 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது வேலை போயிற்று. மறு வருடம் பழைய லோரி ஒன்றை வாங்கி, அதைச் சமையற்கட்டாக மாற்றி, இப்போது மாலை நேரங்களில் தோசையும் மட்டன் வறுவல் ரோலும் விற்கிறான். போன தீபாவளிக்கு எல்லோரும் பாட்டி வீட்டில் கூடினோம். முறுக்குத் தட்டைக் கீழே வைப்பதற்குள் இருவருக்கும் வாக்குவாதம் பிடித்துக்கொண்டது.

மாமா சொன்னார்: “என் கடைக்கு எதிரே இருக்கிற வங்கி மூடியதும், அந்தக் கார் நிறுத்துமிடத்தில் மூன்று லோரி வந்து நிற்கிறது. நான் மாதம் ஆறாயிரத்து ஐந்நூறு வெள்ளி வாடகை கட்டுகிறேன். அவன் என்ன கட்டுகிறான்? என் கடைக்கு வருகிறவர் காரை நிறுத்த இடமில்லாமல் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுப் போய்விடுகிறார். லோரியில் சாப்பிடுகிறவர்கள் கழிப்பறைக்கு மட்டும் என் கடைக்குள் வருகிறார்கள்.”

தம்பி விடவில்லை. “மாமா, அந்த மூன்று லோரி மேல் இருக்கிற கோபத்தை என் மேல் காட்டாதீங்க. எனக்கு லைசென்ஸ் இருக்கு. டைபாய்டு ஊசி போட்டிருக்கேன். உணவு கையாளுவோர் பயிற்சிச் சான்றிதழ் இருக்கு. வியாபாரம் இருக்கிற இடத்துக்கு மட்டும்தான் என்னாலே போக முடியலே.”

பாட்டி குறுக்கிட்டார்: “உங்க தாத்தா எந்தக் கடையில் உட்கார்ந்து வடை வித்தார்?”

இருவரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். என் தாத்தா காலையில் தோட்டத்தில் பால் வெட்டிவிட்டு, மாலையில் சைக்கிளில் கூடை கட்டி லயம் லயமாக வடை விற்றவர். கடை என்று ஒன்று அவருக்கு இருந்ததே இல்லை. மாமாவுடைய கடையின் முதல் அண்டா அந்த வடைக் காசில் வாங்கியது என்று பாட்டி அடிக்கடி சொல்லுவார்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை, நேயர்களே. நம் நாட்டின் உணவுக் கடைகளில் பாதிக்கு மேல் இந்தக் கதையை வேறு வேறு விதமாகச் சொல்லும் என்றே நினைக்கிறேன். நாசி கண்டார் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். கண்டார் என்றால் தோளில் சுமக்கும் காவடிக் கம்பு. ஒரு பக்கம் சோறு, மறு பக்கம் குழம்பு என்று தூக்கிக்கொண்டு பினாங்குத் துறைமுகத் தொழிலாளர்களிடம் நடந்து போய் விற்றவர்கள் நம் தமிழ் முஸ்லிம் வணிகர்கள். அவர்களுக்குப் பிறகு வந்தவைதான் குளிரூட்டி வைத்த நாசி கண்டார் உணவகங்கள். கம்பு போய்விட்டது, பெயர் நிற்கிறது. ஈப்போ புந்தோங்கில் கச்சான் பூத்தே கம்பம் என்றே ஒரு குடியிருப்பு இருக்கிறது. எட்டயபுரம் பக்கத்திலிருந்து வந்தவர்கள் கடலையையும் முறுக்கையும் தலைச்சுமையாகச் சுமந்து தெருத் தெருவாக விற்று, பிள்ளைகளைப் படிக்க வைத்து, பிறகு கடை எடுத்தார்கள்.

நம் தாமான்களில் மரத்தடியில் நிற்கும் ரோஜாக், செண்டோல் வேன் ஞாபகம் இருக்கிறதா? பின் கதவைத் திறந்தால் உள்ளே கண்ணாடிப் பெட்டி, வடை, தாவு, சோத்தோங். அதற்கு யாரும் ‘ஃபுட் டிரக்’ என்று பெயர் வைக்கவில்லை. 2014, 2015 வாக்கில் கோலாலம்பூரில் இளைஞர்கள் லோரிக்கு வண்ணம் பூசி, விளக்குச் சரம் தொங்கவிட்டு, பர்கர் விற்க ஆரம்பித்ததும், எங்களைப் போன்ற தொலைக்காட்சிக்காரர்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். புதிய கலாசாரம் என்று சிறப்பு நிகழ்ச்சி படைத்தோம். முப்பது வருடமாக மரத்தடியில் நின்ற ரோஜாக் அங்கிளை ஒருவரும் பேட்டி எடுக்கவில்லை. பொதுத் தொடர்பியல் டிப்ளோமா வகுப்பில் “புதியதுதான் செய்தி” என்று சொல்லிக் கொடுத்ததை அப்படியே பிடித்துக்கொண்டோம். அந்த நிகழ்ச்சிகளில் இரண்டை நானே படைத்திருக்கிறேன்.

ஆகவே, “பாரம்பரிய உணவகத்தைப் புதிதாக வந்த லோரி அழிக்கிறது” என்று இந்த விவாதத்தைத் தொடங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. நடமாடும் வியாபாரம்தான் மூத்தது. ஆனால் அதற்காக மாமாவின் கோபத்தில் நியாயம் இல்லை என்று சொல்லமாட்டேன். அவர் கட்டும் பட்டியலைக் கேளுங்கள்.

வாடகை ஒன்று. வளாக உரிமம், விளம்பரப் பலகை உரிமம், எண்ணெய்க் கழிவு சாக்கடைக்குப் போகாமல் தடுக்கும் பொறி, அதைச் சுத்தப்படுத்தும் செலவு. வெளிநாட்டுத் தொழிலாளர் என்றால் சேவைத் துறையில் தலைக்கு ஆண்டுக்கு 1,850 வெள்ளி லெவி. ஆள் கிடைத்தால்தான் அந்த லெவியும். ஆளே கிடைப்பதில்லை என்று இந்திய உணவக உரிமையாளர் சங்கமும் முஸ்லிம் உணவக உரிமையாளர் சங்கமும் எத்தனை வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கின்றன! 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. ஐந்து பேருக்குக் குறைவாக வைத்திருக்கும் முதலாளிகளுக்கு அது ஆகஸ்ட்டில் வந்தது. ஆண்டு விற்பனை 15 லட்சம் வெள்ளியைத் தாண்டினால் 6 விழுக்காடு சேவை வரி. ஒரு லோரிக்காரர் அந்த எல்லையைத் தொடுவது அரிது. நல்ல இடத்தில் இருக்கும் கடை தொட்டுவிடும். எதிரே நிற்கும் லோரி உரிமம் இல்லாமல் நிற்கிறது என்றால், இவ்வளவும் கட்டிவிட்டு நிற்பவருக்கு வயிறு எரியாதா?

இதைச் சொன்ன நான், ஒரு வேலையும் செய்தேன். மாமாவின் கடைக்குப் போய், “மாமா, கணக்குப் புத்தகத்தைக் காட்டுங்கள்” என்றேன். முதலில் முறைத்தார், பிறகு காட்டினார். மாலை விற்பனை எந்த மாதம் இறங்கத் தொடங்கியது என்று இருவரும் பக்கம் பக்கமாகப் பார்த்தோம். அவருடைய இரண்டு தொழிலாளர்கள் ஊருக்குத் திரும்பி, மாற்று ஆள் கிடைக்காமல், பத்தரை மணிக்கு மூடும் கடையை எட்டரைக்கே மூட ஆரம்பித்த மாதத்தில்தான் இறக்கம் தொடங்கியிருக்கிறது. லோரிகள் வந்தது அதற்கு ஐந்து மாதம் கழித்து. வந்த பிறகு இன்னும் கொஞ்சம் இறங்கியது, அதையும் மறைக்கவில்லை. மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “எட்டரைக்கு மேல் பசிக்கிறவன் எங்கேயாவது போய்த்தானே சாப்பிடுவான்” என்றார். ஒரு கடைக் கணக்கை வைத்துக்கொண்டு நாட்டுக்கே தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் எதிரே நிற்கும் லோரி கண்ணுக்குத் தெரிகிறது, வராத தொழிலாளர் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதை அன்றைக்குப் புரிந்துகொண்டேன்.

இனி தம்பியின் பக்கத்துக்கு வருகிறேன். இங்கே சட்டம் கொஞ்சம் பேச வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உணவு சுத்தம் என்பது மத்திய அரசின் விவகாரம். 1983-ஆம் ஆண்டு உணவுச் சட்டமும், 2009-ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிமுறைகளும் நாடு முழுவதற்கும் ஒன்றே. கடையில் சமைத்தாலும் வாகனத்தில் சமைத்தாலும் சுகாதார அமைச்சிடம் பதிந்துகொள்ள வேண்டும். தவறினால் 10,000 வெள்ளி வரை அபராதம் அல்லது இரண்டு வருடம் வரை சிறை. பயிற்சிச் சான்றிதழ், மூன்று வருடத்துக்கு ஒரு முறை டைபாய்டு ஊசி எல்லாம் இருவருக்கும் பொது. வாகனத்தை மாற்றியமைத்தால் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதியும் பரிசோதனையும் வேண்டும். அதுவும் நாடு முழுவதற்கும் ஒன்றே.

ஆனால் விற்பதற்கான உரிமம் மட்டும் ஊராட்சி மன்றத்தின் கையில் இருக்கிறது. ஒவ்வொரு மன்றத்துக்கும் தனித்தனித் துணைச்சட்டம், தனித்தனிப் பாரம், தனித்தனிக் கட்டணம். சிலாங்கூரில் மட்டும் 12 ஊராட்சி மன்றங்கள். கோலாலம்பூர் மாநகர் மன்றம் அதற்கு வெளியே. கூட்டரசு நெடுஞ்சாலையில் கோத்தா டாருல் ஏசான் வளைவைக் காரில் கடக்க எத்தனை விநாடி ஆகும்? அந்த வளைவுக்கு இந்தப் பக்கம் வாங்கிய உரிமம் அந்தப் பக்கம் செல்லாது. பெட்டாலிங் ஜெயாவில் நின்ற லோரி சுபாங் ஜெயாவில் நிற்க வேண்டுமானால் மறுபடி முதலிலிருந்து. ஓடுவதற்காகவே நான்கு சக்கரம் வைத்த கடைக்கு, ஓடாத உரிமம்!

தம்பிக்கு அவனுடைய மன்றம் ஒதுக்கிய இடம் ஒரு விளையாட்டுத் திடலுக்குப் பின்னால். இரண்டு தெரு விளக்கு. அதில் ஒன்று எரியாது. நான் ஒரு புதன்கிழமை அங்கே போய் அவனோடு உட்கார்ந்தேன். ஆறு மணியிலிருந்து ஒன்பது வரை வந்தவர்கள் பதினொரு பேர். அதில் மூன்று பேர் வழி கேட்க வந்தவர்கள். ஒரு நாள் பொறுமை இழந்து, மன்ற எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அலுவலகக் கட்டடத்தின் அருகே போய் நின்றான். இருபது நிமிடத்தில் அமலாக்க அதிகாரிகள் வந்தார்கள். மடக்கு மேசையும் எரிவாயுத் தோம்பும் போயின, அபராதச் சீட்டும் வந்தது. செய்தது தவறு, அபராதத்தைக் கட்டிவிட்டான். ஆனால் அதே தெருவில் உரிமமே இல்லாத இன்னொரு லோரி தினமும் நிற்கிறது என்றும், அதைப் பற்றி யாரும் புகார் கொடுப்பதில்லை என்றும் சொன்னான். புகார் வந்தால் பிடிப்பது, வராவிட்டால் விடுவது என்று அமலாக்கம் நடந்தால், முறையாக உரிமம் எடுத்தவனுக்கு என்ன மரியாதை?

இன்னொன்றையும் கவனியுங்கள். 1976-ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டத்தின் 107-ஆவது பிரிவு, உரிமத்தை எந்த நேரத்திலும், காரணம் எதுவும் சொல்லாமலே, மன்றம் மீட்டுக்கொள்ளலாம் என்கிறது. அதனால் ஏற்படும் நஷ்டத்துக்கு இழப்பீடு கேட்கவும் முடியாது. இந்தப் பிரிவு லோரிக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். மாமாவின் இருபத்திரண்டு வருடக் கடையும் அதே கயிற்றில்தான் தொங்குகிறது. இதை நான் மாமாவிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. உரிமத் தாளை எடுத்துப் பின்பக்க நிபந்தனைகளைப் படித்துப் பார்த்துவிட்டுப் பேசாமல் மடித்து வைத்தார்.

சரி, வழி என்ன? சிலர் சொல்கிறார்கள், “உணவகத்துக்கு இத்தனை அடி தூரத்துக்குள் லோரி நிற்கக்கூடாது என்று விதி போடுங்கள்.” எனக்கு முன் பேசிய உணவக உரிமையாளர் ஐயாவும் அதைத்தான் கேட்டார். இந்த யோசனையை ஏற்கெனவே செய்து பார்த்த ஊர் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் சிக்காகோ.

அங்கே உணவகத்துக்கு 200 அடிக்குள், அதாவது ஏறக்குறைய 61 மீட்டருக்குள், உணவு லோரி நிற்கக்கூடாது. 2012-இல் லோரிக்குள்ளேயே சமைக்க அனுமதி கொடுத்தபோது, இந்தத் தூர விதியை வைத்துக்கொண்டு, மீறினால் 1,000 முதல் 2,000 டாலர் வரை அபராதம் என்று உயர்த்தினார்கள். லோரி எங்கே நிற்கிறது என்று நகராட்சிக்குத் தெரிய ஜிபிஎஸ் கருவி பொருத்தியாக வேண்டும். இதில் வேடிக்கை, ‘உணவகம்’ என்பதில் சாண்ட்விச் விற்கும் இருபத்து நான்கு மணி நேர மளிகைக் கடையும் சேரும். கேக் விற்கும் லோரி வைத்திருந்த ஒரு பெண்மணி வழக்குப் போட்டார். ஏழு வருடம் நடந்தது. 2019 மே மாதம் இல்லினாய் மாநில உச்ச நீதிமன்றம் நகராட்சிக்குச் சாதகமாகத் தீர்ப்புக் கொடுத்தது. உணவகங்கள் ஓரிடத்தில் நிலைத்து நின்று வட்டாரத்தை வளர்க்கின்றன, சொத்து வரி கட்டுகின்றன, அவற்றைக் காக்க நகராட்சிக்கு உரிமை உண்டு என்பது நீதிமன்றத்தின் வாதம். அந்த வாதத்தை நான் சும்மா தள்ளிவிடமாட்டேன். கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் லிட்டில் இந்தியா என்று ஒன்று இருப்பதே, கடைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கேயே நின்றதால்தானே?

அதே நாட்டில் டெக்சஸ் மாநிலத்து எல் பாசோ நகரம் இதற்கு நேர்மாறு. அங்கே 1,000 அடி தூர விதி இருந்தது. லோரிக்காரர்கள் வழக்குப் போட்டதும், 2011-இல் நகராட்சியே அந்த விதியைக் கைவிட்டது.

சிக்காகோ விதியை அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவந்து பாருங்கள். பிரிக்பீல்ட்ஸ் சாலையில் 200 அடிக்கு எத்தனை உணவகம்? மஸ்ஜித் இந்தியாவில்? உணவகம் இல்லாத 61 மீட்டரைத் தேடிப் போனால் நெடுஞ்சாலை ஓரத்துக்குத்தான் போக வேண்டும். ஆள் இருக்கும் இடத்தில்தான் உணவகம் இருக்கும், ஆள் இருக்கும் இடத்தில்தான் லோரிக்கும் வியாபாரம். தூர விதி என்பது சுத்தத்துக்கும் சம்பந்தமில்லை, போக்குவரத்துக்கும் சம்பந்தமில்லை. ஒருவனிடமிருந்து இன்னொருவனைத் தள்ளி வைப்பது மட்டும்தான் அதன் வேலை. அப்படி ஒரு விதி இருந்திருந்தால் என் தாத்தாவின் சைக்கிள், தோட்டத்துக் கடைக்கு எதிரே நின்றிருக்க முடியாது. மாமா கடையே வந்திருக்காது.

சிங்கப்பூர் வேறு வழியில் போனது. 1968, 69-இல் தெரு வியாபாரிகளைக் கணக்கெடுத்துப் பதிந்தார்கள். 1971-இலிருந்து 1986-க்குள் அவர்களை அங்காடி மையங்களுக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். தண்ணீர்க் குழாய், சாக்கடை, கழிப்பறை எல்லாம் கட்டிக் கொடுத்த பிறகுதான் தெருவைக் காலி செய்தார்கள். 2020 டிசம்பரில் அந்த அங்காடிக் கலாசாரம் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அது சிறிய தீவு, ஒரே அரசு, அவர்களால் முடிந்தது. நமக்கு அது முழுதும் ஒத்துவராது. தெருவில் சாப்பிடும் சுகத்தை விட்டுக்கொடுக்க எனக்கும் மனமில்லை. ஆனால், முதலில் தண்ணீரும் கழிப்பறையும், அப்புறம் அமலாக்கம் என்ற வரிசையை அவர்களிடம் கற்றுக்கொள்ளலாம். மாமா கடைக் கழிப்பறைக்கு யாரும் ஓட வேண்டியிருக்காது.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பிடிக்காதவர்கள் கேள்வி நேரத்தில் என்னைத் திட்டலாம்.

சிலாங்கூரின் 12 மன்றங்களும் ஒரே மாநில அரசின் கீழ்தான் இருக்கின்றன. சுகாதாரப் பதிவும் ஊசியும் வாகனப் பரிசோதனையும் ஏற்கெனவே நாடு முழுவதும் செல்லும்போது, ஒரு மன்றம் பரிசோதித்துக் கொடுத்த லோரி உரிமத்தை மற்ற மன்றங்கள் ஏற்றுக்கொள்வதில் என்ன தடை? எந்த மன்றத்து எல்லையில் நிற்கிறானோ அந்த மன்றத்துக்கு அன்றைய இடக் கட்டணத்தைக் கட்டட்டும். கார் நிறுத்துவதற்குக் கைப்பேசியில் காசு கட்டுகிறோம், லோரி நிறுத்துவதற்கும் அப்படியே கட்டலாம். கோலாலம்பூர் பிறகு வந்து சேரட்டும். உரிமம் ஓடினால், ஒரே தெருவில் முப்பது நாளும் ஒரே மூன்று லோரி குந்தியிருக்க வேண்டிய அவசியமே குறையும். திங்கட்கிழமை ஒரு தாமான், செவ்வாய்க்கிழமை ஒரு தொழிற்பேட்டை என்று பிரிந்து போவார்கள். இரவுச் சந்தை பல வருடமாக அப்படித்தானே ஊர் ஊராகச் சுற்றுகிறது? திங்கள் இங்கே, வியாழன் அங்கே என்று நம் பாட்டிகளுக்குக்கூட மனப்பாடம்.

அதற்குப் பதிலாக, லோரிக்காரர்கள் மூன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். உரிமம் இல்லாமல் நிற்பவருக்காக யாரும் வக்காலத்து வாங்கக்கூடாது. இரண்டு கார் இடத்தைப் பிடித்தால் இரண்டுக்கும் காசு. கழிவு எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றினால் உணவகத்துக்கு என்ன தண்டனையோ அதுவே. 2019 ஜனவரி முதல் தேதி உணவு உண்ணும் இடங்களில் புகைக்கத் தடை வந்தபோது, குளிரூட்டி வைத்த கடை, கொட்டகை, சாலையோரக் கடை என்று பார்க்காமல் எல்லோருக்கும் மூன்று மீட்டர் என்று போட்டார்கள். முதல் மாதம் முணுமுணுத்தார்கள், பிறகு பழகிவிட்டது. எல்லோருக்கும் ஒரே விதி என்று சொன்னபோது சண்டை வரவில்லை.

உணவக உரிமையாளர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஐயா கோபித்துக்கொள்ளக்கூடாது. அஞ்சடியில் மேசை போட்டு, நடப்பவரைச் சாலையில் இறக்கிவிட்டு, மாலை ஏழு மணிக்குக் கார் நிறுத்தும் கட்டங்களில் நாற்காலி அடுக்கி, பெரிய திரையில் காற்பந்து போடுவது யார்? லோரிதான் இடத்தைப் பிடிக்கிறது என்று சொல்லும்போது, நம் பிளாஸ்டிக் நாற்காலிகளையும் ஒரு முறை எண்ணிப் பார்த்துக்கொள்வோம். என் மாமா கடையில் பன்னிரண்டு. நானே எண்ணினேன்.

2021 தொடக்கத்தில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? கடையில் உட்கார்ந்து சாப்பிடத் தடை. பெரிய பெரிய ஹோட்டல்களே சாலையோரத்தில் மேசை போட்டு நாசி லெமாக் விற்றன. வெள்ளைத் தொப்பி போட்ட சமையல் நிபுணர் வெயிலில் நின்றார். மாமாகூடக் காரின் பின் கதவைத் திறந்து பிரியாணிப் பொட்டலம் விற்றார். தூர விதி பற்றி அப்போது யாரும் பேசவில்லை.

உணவகங்களுக்கு நான் கேட்பது இதுதான். ஏற்கெனவே உரிமம் வைத்திருக்கும் உணவகம், தன் பெயரில் ஒரு லோரியை ஓட்ட விரும்பினால், அதற்குப் புதிதாக எல்லாப் பாரத்தையும் நிரப்பச் சொல்லாமல், இருக்கிற உரிமத்தோடு ஒரு தாள் சேர்த்துக் கொடுங்கள். மாமாவுக்கு இரவு கடை நடத்த ஆள் இல்லை. ஆனால் மதியம் சமைத்த மட்டனைக் கொண்டுபோய் ஒரு தொழிற்சாலை வாசலில் இரண்டு மணி நேரம் விற்க ஒரு லோரியும் ஒரு தம்பியும் போதும். தம்பிக்கோ, வெங்காயம் நறுக்கவும் அரிசி ஊறவைக்கவும் ஒரு சரியான சமையற்கட்டு வேண்டும். லோரிக்குள் நான்கடி இடத்தில் எல்லாவற்றையும் செய்து அவனுக்கு முதுகு போய்விட்டது. இதை நான் இருவரிடமும் சொன்னேன். இருவரும், “யோசிக்கலாம்” என்றார்கள். நம் குடும்பத்தில் யோசிக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

போன வாரம் மாமா கடைக்குப் போயிருந்தேன். கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு தாள். எதிரே நிற்கும் மூன்று லோரிகளின் பதிவு எண்கள் அதில் எழுதியிருந்தன. “புகார் கொடுத்துவிட்டீர்களா?” என்றேன். “எழுதி நாலு மாசம் ஆச்சும்மா. அதிலே ஒரு பையனுக்கு நம்ம தம்பி வயசுதான் இருக்கும். போன வாரம் மழையில் கூடாரம் பறந்து போச்சு, கயிறு கேட்டு வந்தான். கொடுத்தேன்” என்றார். பிறகு கொஞ்சம் சத்தமாக, “ஆனா லைசென்ஸ் எடுக்கச் சொல்லு!” என்றார், ஏதோ நான்தான் அவர்களுக்கு வக்கீல் என்பதுபோல.

தம்பி, பக்கத்து மன்றத்துக்குப் போட்ட விண்ணப்பம் இது ஏழாவது மாதம். மூன்று முறை போய்க் கேட்டுவிட்டான். கோப்பு மேலே போயிருக்கிறது என்கிறார்கள். இருவருடைய உரிமமும் இந்த டிசம்பர் 31-இல் முடிகிறது.

நேரம் முடிந்துவிட்டது என்று தயாரிப்பாளர் கையைக் காட்டுகிறார். எனக்குப் பிறகு பேச ஊராட்சித் துறை அதிகாரி ஒருவர் வந்திருக்கிறார். நான் என் பழைய நாற்காலிக்குத் திரும்புகிறேன். ஐயா, வணக்கம். முதல் கேள்வி உங்களுக்கு: ஒரு லோரியின் விண்ணப்பம் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போக எத்தனை மாதம் ஆகும்?